தோற்றுவிட்டு வா!

மேடையிலே பேசிக்கொண்டிருந்த நண்பர் நல்ல பேச்சாளர். சுரண்டலைச் சாடிக்கொண்டே வந்தவர், முத்தாய்ப்பாக ஒன்று சொன்னார்: "உழைப்பவன் வயிறு ஒட்டிக் கிடக்கிறது, உறிஞ்சுபவன் வயிறு முட்டிக் கிடக்கிறது! எங்கே தொந்தி தெரிகிறதோ, அங்கே ஊரார் சோறு ஒளிந்திருக்கிறது!" கைதட்டல் வானைப் பிளந்தது. சிரிப்பொலி அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. நாமும் சிரித்தோம்.

மூன்றாம் வரிசையிலே உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நம்மவர்தான். சுவரெழுத்து எழுதியவர், வாக்குச்சாவடியிலே விடியும் முன்பே போய் உட்கார்ந்தவர், மறியலிலே கைதானவர். தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் ஓட்டுநர். வயது 43. உயரம் 168 சென்டிமீட்டர். எடை 112 கிலோ. தொந்தி என்ற சொல் ஒலிபெருக்கியிலே வந்ததும், தோளிலே கிடந்த கட்சித் துண்டை மெல்ல எடுத்தார், வயிற்றின்மீது விரித்துக்கொண்டார்.

கொள்கைக்காகத் தோளிலே போட்ட துண்டு, வெட்கத்தை மறைக்க வயிற்றுக்கு இறங்கிவிட்டது! தன்மானத்தை உயிர்மூச்சாகக் கொண்ட இயக்கத்தின் மேடைக்கு முன்னாலே இது நடந்தது. ஆகவேதான் இன்று வயிற்றைப் பற்றி எழுதுகிறோம். வேறு தலைப்பு இல்லையா என்று கேட்கும் அன்பர்கள், முடிவு வரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

தொந்தி என்றால் சுரண்டல் என்று நம் முன்னோடிகள் எழுதினார்கள். ஏடுகளிலே படம் போட்டார்கள். மிராசுதார் என்றால் ஒரு தொந்தி. லேவாதேவிக்காரர் என்றால் ஒரு தொந்தி. அன்று அது பொய்யல்ல. அரிசிக்காகக் கியூ வரிசையிலே மக்கள் வாடி நின்ற காலம் அது. 1967 தேர்தலிலே, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கியது இயக்கம். 2008-லே ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் விலையே இல்லாமல் வந்தது. பசியை எதிர்த்து நடந்த அந்தப் போரிலே வென்றோம்; வென்றதற்காக ஒரு நாளும் வருந்தமாட்டோம்.

ஆனால் போர்க்களம் மாறிவிட்டதைக் கவனித்தோமா? மத்திய அரசு நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16-லே, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 100க்கு ஏறத்தாழ 31 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். 2019-21-லே அது 40 ஆயிற்று. ஆண்களிலே 28-லிருந்து 37 ஆயிற்று. தமிழ்நாட்டிலே 100 ஆண்களுக்கு 37 பேர் முதலாளிகளா? 100 பெண்களுக்கு 40 பேர் ஜமீன்தாரிணிகளா? இல்லை, தோழர்களே! தொந்தி கட்சி மாறிவிட்டது. சீமான் காலையிலே கடற்கரையிலே நடக்கிறான், தராசு வைத்துக் காய்கறி தின்கிறான். இரவு ஷிப்டு முடித்தவன், கிடைத்த கடையிலே நாலு பரோட்டாவைச் சால்னாவிலே தோய்த்து விழுங்கிவிட்டு, சர்க்கரை கொட்டிய டீயைக் குடித்துவிட்டு, பகலிலே தூங்கப் பார்க்கிறான். எது மலிவோ அது மாவாக இருக்கிறது, எண்ணெயாக இருக்கிறது, சர்க்கரையாக இருக்கிறது. எது உடலுக்கு நல்லதோ அது விலையாக இருக்கிறது!

நமது ஓட்டுநர் அண்ணன் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே உழைப்பவர். உழைத்தால் உடல் கரையும் என்று உபதேசம் செய்பவர்கள், ஸ்டீயரிங் பிடித்து உழைப்பவனுக்கு எது கரையும் என்று சொல்லட்டும்.

"வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று சொல்லிவிடுவது எளிது. குருடனாகப் பிறந்தால் முன்வினை, ஏழையாகப் பிறந்தால் தலைவிதி என்று சொன்னவர்களை எதிர்த்துப் பிறந்த இயக்கம் நமது இயக்கம். அந்த வினைக் கொள்கைக்கும், "பெருத்தவன் எல்லாம் பெருந்தீனிக்காரன்" என்ற இந்தக் கொள்கைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் துன்பப்படுபவனையே குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுகின்றன. இரண்டும் காரணத்தை ஆராயாமலே தீர்ப்பை எழுதுகின்றன.

காரணத்தை ஆராய்ந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 1994-லே, நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடலின் கொழுப்பு, "இருப்பு போதும்" என்று மூளைக்கு அனுப்பும் தந்தி அது. 1999-லே, ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலினைக் கண்டார்கள். இரைப்பை, "பசிக்கிறது" என்று மூளைக்கு அடிக்கும் மணி அது. 2011-லே, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பருத்த உடலினரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டிலே வைத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் இரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இன்னும் ஓங்கியே இருந்தன! இழந்த எடையைத் திரும்பக் கேட்டு, உடல் ஓராண்டாக மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மனுவோடு இரவும் பகலும் மல்லுக்கு நிற்பவனைப் பார்த்து, "மன உறுதி இல்லாதவன்" என்கிறோம். அறிவியல் அறிந்தவன் பேசும் பேச்சா அது?

இனி வழக்குக்கு வருவோம். ஆம், வழக்குதான், ஒரு கடிதத்தின் மீது வழக்கு.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருந்துக்கு அடங்காத சர்க்கரை. அதைவிடக் கொடிது, தூக்கத்திலே மூச்சடைக்கும் நோய். கழுத்திலே சேர்ந்த கொழுப்பு மூச்சுக்குழலை அழுத்துகிறது. இரவெல்லாம் மூச்சு நின்று நின்று வருகிறது. விடிந்தால் கண் சொக்குகிறது. "கடுமையான நிலை" என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றும் எழுதினார். வேலை தரும் நிறுவனம் தொழிலாளருக்கு எடுத்து வைத்திருந்த இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அண்ணன் விண்ணப்பம் போட்டார். பதில் வந்தது: "உடலை அதிகம் அறுக்காத சிறு முறைகளை முதலில் முயன்று, அவை தோல்வியுற்றதற்கான சான்றை இணைக்கவும்."

தோற்றுவிட்டு வா என்கிறார்கள்!

இந்த வாசகம் அந்த ஒரு கம்பெனியின் கற்பனையல்ல. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையம், 2019-லே எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த விலக்குகளிலே ஒன்று. பாலிசி வைத்திருக்கும் தோழர்கள் தாளைப் புரட்டி, உடல் பருமன் என்ற தலைப்பிலே பார்க்கட்டும். கணக்கு இதுதான்: எடையைக் கிலோவிலே எடுத்து, உயரத்தை மீட்டரிலே எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதனால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறைச் சுட்டெண். அந்த எண் 40 ஆனால் அறுவைக்குப் பணம் உண்டு. 35 ஆனால், கூடவே கொடிய நோயும் வேண்டும். சிறு முறைகளிலே தோற்றிருக்கவும் வேண்டும்.

அண்ணனுடைய எண் 39.7. 40-ஐத் தொட இன்னும் ஏறத்தாழ ஒரு கிலோ வேண்டும். அந்த ஒரு கிலோ இருந்தால் தோற்றதற்குச் சான்று தேவையில்லை. இல்லாததால் சான்று தேவை! நம் அலுவலகத்துக்கு வந்து அந்தத் தாளை மேசைமீது போட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "தம்பி, இன்னும் ஒரு கிலோ ஏத்திக்கிட்டு வந்தா ஒண்ணும் கேக்கமாட்டாங்களாம். ஆபரேஷனுக்கு வழி கேட்டா பிரியாணிக் கடைக்கு வழி காட்டுறாங்க!" அவர் சிரித்தார். இம்முறை நாம் சிரிக்கவில்லை.

முயன்று பார்க்காதவரா அவர்? ஓராண்டு இரவுச் சோற்றை நிறுத்தினார். ஷிப்டு முடிந்து வந்து ஏரிக்கரையிலே நடந்தார். ஒன்பது கிலோ குறைந்தார். அடுத்த ஆண்டு பதினொரு கிலோ ஏறினார். அதற்குச் சான்று கேட்கிறார்கள். அரைப்பட்டினிக்கு ரசீது யார் கொடுப்பார்? ஏரிக்கரைக்கு வவுச்சர் உண்டா?

அந்தச் சிறு முறைகள்தாம் என்ன? படிப்படியாகப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு படியிலும் ஏழைக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம்.

முதற்படி, உணவும் நடையும். இதை இகழ்பவர் அல்லர் நாம். நடப்பதாலே இதயம் வலுப்படும், சர்க்கரை அடங்கும். தராசு முள் அசையாவிட்டாலும் நன்மை உண்டு. ஆனால் நூறு கிலோவைத் தாண்டிய உடலை, அறிவுரை மட்டுமே இறக்கிவிடும் என்பது பகற்கனவு. 2022-லே லான்செட் இதழிலே வந்த ஓர் அமெரிக்க ஆய்விலே, உணவு, நடை ஆகியவற்றிலே மட்டும் பயிற்சி பெற்ற பிரிவினர் ஓராண்டிலே இழந்தது, உடல் எடையிலே 100க்கு ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாம் படி, ஊசி மருந்து. குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட மருந்துகள் இவை. பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். செமாகுளுடைடு என்ற மருந்தை 68 வாரம் போட்டவர்கள் எடையிலே 100க்கு ஏறத்தாழ 15 பங்கு இழந்தார்கள் என்று 2021-லே ஆய்வு வந்தது. டிர்செபடைடு உயர்ந்த அளவிலே 72 வாரத்திலே 100க்கு ஏறத்தாழ 21 பங்கு என்று 2022-லே வந்தது. பெரிய சாதனை! மறுக்கவில்லை. குமட்டலும் வாந்தியும் உண்டு, பலர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இழந்ததிலே மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஆக, நீண்ட காலம் போடவேண்டிய மருந்து. விலை? டிர்செபடைடு 2025 மார்ச்சிலே இந்தியக் கடைகளுக்கு வந்தபோது தொடக்க அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய். அடுத்த அளவு 4,375 ரூபாய். வாரம் ஒன்று. மாதக் கணக்கைத் தோழர்களே போட்டுக்கொள்ளட்டும். சம்பள உறையைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு போடட்டும்!

மூன்றாம் படி, பலூன். வாய் வழியாக இரைப்பைக்குள் ஒரு பலூனை இறக்கி, உப்பு நீரை நிரப்பி, இடத்தை அடைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்ததாகத் தோன்றும். 1985-லே அமெரிக்காவிலே முதல் பலூனுக்கு அனுமதி தந்தார்கள். புண்ணும் அடைப்பும் உண்டாகவே அது சில ஆண்டுகளிலேயே மறைந்தது. 2015-லே திருத்திய வடிவங்கள் அனுமதி பெற்றன. ஆறு மாதம் வயிற்றிலே இருக்கும். பிறகு எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு பசி பழைய வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும். கத்தி இல்லை என்பதாலே ஆபத்தே இல்லை என்று எண்ணாதீர்கள்; பலூன் வைத்த பின் நேர்ந்த மரணங்களைப் பற்றி 2017-லே அமெரிக்க மருந்துக் கண்காணிப்பு நிறுவனமே டாக்டர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

நான்காம் படி, தையல். வயிற்றைக் கீறாமல், வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்தி, இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தைக்கிறார்கள். அகன்ற பை குறுகிய குழலாகிறது. எதையும் வெட்டி எடுப்பதில்லை. சற்று முன் சொன்ன 2022 ஆய்விலே, இந்தத் தையல் போட்டவர்கள் ஓராண்டிலே எடையிலே 100க்கு ஏறத்தாழ 14 பங்கு இழந்தார்கள். நல்ல வழிதான். ஆனால் இதற்குக் கருவி வேண்டும், கை தேர்ந்த டாக்டர் வேண்டும், காசு வேண்டும். வட்டார மருத்துவமனை வாசலிலே காத்துக் கிடக்கும் தோழனுக்கு இது எட்டாக் கனி.

படிகளை எண்ணியாயிற்று. இப்போது கேட்கிறோம். ஏறிப் பார்த்துத் தோற்றுவிட்டு வா என்கிறீர்களே, ஏறுவதற்கு யார் பணம் கொடுத்தீர்கள்? ஊசிக்குத் தந்தீர்களா? பலூனுக்குத் தந்தீர்களா? உணவு நிபுணரிடம் மாதா மாதம் போய்வரத் தந்தீர்களா? ஏணியை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, "மாடியிலிருந்து விழுந்தாயா? எலும்பு முறிந்த சான்று எங்கே?" என்று கேட்பதைப் போலல்லவா இருக்கிறது! பணம் உள்ளவன் ஊசி போட்டுத் தோற்கலாம், பலூன் வைத்துத் தோற்கலாம், ரசீதுகளை அடுக்கி வைக்கலாம். ஏழைக்குத் தோற்கக்கூட உரிமை இல்லை!

அறுவை சிகிச்சையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். 1966-லே, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலே எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர் இரைப்பை மாற்றுப்பாதை அறுவையைச் செய்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்து போவதைக் கண்டு, அதிலிருந்து பிறந்த எண்ணம் அது. இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலிலே கீழே கொண்டுபோய் இணைப்பது. இன்று உலகிலே அதிகம் நடப்பது ஸ்லீவ் என்ற முறை. இரைப்பையிலே முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக் கையைப் போல ஒரு குழலை மட்டும் விட்டுவைப்பது. அடிக்கும் பசி மணியிலே பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. வயிற்றைப் பிளப்பதில்லை, சில சிறு துளைகள் வழியாகவே முடிகிறது. முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலே எடையிலே நாலில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கு மேலும் குறைகிறது.

பலன் எடையோடு நிற்கவில்லை. சுவீடனிலே 1987 முதல் அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும், செய்துகொள்ளாத ஏறத்தாழ 2,000 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். செய்துகொண்டவர்களிலே மரண விகிதம் 100க்கு ஏறத்தாழ 29 குறைவு என்று 2007-லே அறிவித்தார்கள். அமெரிக்காவிலே சர்க்கரை நோயாளிகள் 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-லே ஐந்தாண்டுக் கணக்கைத் தந்தது. சர்க்கரை இலக்குக்குள் வந்தவர்கள் மருந்து மட்டும் உண்டவர்களிலே 100க்கு 5 பேர். ஸ்லீவ் செய்தவர்களிலே 23 பேர். மாற்றுப்பாதை செய்தவர்களிலே 29 பேர்.

ஆனால் தோழர்களே, கத்தி கத்திதான். 2009-லே வெளிவந்த அமெரிக்கக் கணக்கிலே, அறுவை முடிந்த 30 நாளுக்குள் 1,000 பேருக்கு 3 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களும் வாழ்நாள் முழுதும் வைட்டமின், இரும்பு, கால்சியம் உட்கொள்ள வேண்டும். இரத்தச் சோதனைக்குப் போய்வர வேண்டும். சோற்றை அள்ளி விழுங்க முடியாது. சிறுகச் சிறுக மென்று தின்ன வேண்டும். எடை மீண்டும் ஏறுபவர்களும் உண்டு. குடிப் பழக்கம் உள்ள தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் சாராயம் விரைவிலே தலைக்கேறும், இரண்டாம் ஆண்டிலே குடிக்கு அடிமையாவோர் கூடுகிறார்கள் என்று 2012-லே அமெரிக்க ஆய்வு சொல்லிற்று. சோற்றை விட்டவனைச் சாராயம் பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே, "ஒரே நாளிலே ஒல்லியாகலாம்" என்று நடிகையின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்பவனையும் கண்டிக்கிறோம். அவன் நோயாளியை வாடிக்கைக்காரன் ஆக்குகிறான். சான்று கேட்டுச் சாக்குச் சொல்பவனையும் கண்டிக்கிறோம். அவன் நோயாளியைக் கணக்குப் புத்தகத்திலே ஓர் இலக்கம் ஆக்குகிறான். ஒருவன் தேவையில்லாதவனை இழுத்து மேசையிலே கிடத்துகிறான். மற்றவன் தேவையுள்ளவனை வாசலிலேயே நிறுத்துகிறான். இருவருக்கும் நடுவிலே நம் அண்ணன் நிற்கிறார்.

அந்த 35-ம் 40-ம் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1991-லே அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் கூட்டிய அறிஞர் மாநாட்டிலிருந்து வந்தன. அன்று கையிலிருந்த அறிவுக்கு அது சரி. ஆனால் 2022-லே, அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமும், அத்துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த எண்களை மாற்றிவிட்டன. 35 என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே அந்த வாய்ப்பைத் தரலாம் என்றன. ஏன் நமக்கு மட்டும் குறைந்த எண்? நம் உடலிலே கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது; வெள்ளையனுக்கு வரும் எடைக்கு முன்பே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அண்ணனின் உயரத்துக்கு 27.5 என்பது 78 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 40 என்பது 113 கிலோ. நடுவிலே 35 கிலோ! அமெரிக்கன் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டான். அவன் கழற்றிப் போட்ட பழைய சட்டையை நாம் இன்னும் அணிந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. 35-க்குக் கூட வேண்டும் என்று அவர்கள் பட்டியலிட்ட நோய்கள் நான்கு: இதயத் தசை நோய், இதயக் குழாய் நோய், கடுமையான மூச்சடைப்பு, அடங்காத சர்க்கரை. மூட்டை தூக்கியே முழங்கால் தேய்ந்தவன் அந்தப் பட்டியலிலே இல்லை. கல்லீரலிலே கொழுப்பேறியவன் அதிலே இல்லை. உழைப்பாளிக்கு முழங்கால் போனால் வாழ்வே போயிற்று; பட்டியல் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"இத்தனைக்கும் பணம் எங்கே?" என்பார்கள். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்ட பின் டயாலிசிஸ் செய்யப் பணம் இருக்கிறது. கால் அழுகிய பின் அதை வெட்டி எடுக்கப் பணம் இருக்கிறது. காலைக் காப்பாற்றத்தான் பணம் இல்லையா? 2009-லே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏழைக்கு இதய அறுவையா என்று புருவத்தை உயர்த்தினார்கள். நடந்தது, நாடு பார்த்தது.

எனவே நம் கோரிக்கைகளை வரிசையாக வைக்கிறோம்.

ஒன்று: எந்தச் சிறு முறையிலே தோற்கச் சொல்கிறார்களோ, அந்த முறைக்குக் காப்பீடே பணம் தரவேண்டும், இல்லையேல் அந்த நிபந்தனையை அடித்துவிட வேண்டும். அரசு மருத்துவர் எழுதித் தரும் ஒரு தாளே சான்றாகட்டும்.

இரண்டு: சுட்டெண்ணை நம் மக்களின் உடலுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அறுவை வேண்டுமா, ஊசி போதுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். மேசைக் கணக்கர் அல்லர்.

மூன்று: தொழிலாளிக்கென்றே உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும், மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் எடை நோய்க்குத் தனிப் பிரிவு வேண்டும். அங்கே உணவு நிபுணர் இருக்க வேண்டும். அறுவைக்குப் பிந்திய சோதனைகளும் மாத்திரைகளும் இலவசமாக இருக்க வேண்டும்.

நான்கு: செமாகுளுடைடின் காப்புரிமைக்கு இந்தியாவிலே 2026 மார்ச்தான் கெடு. அதன் பின் உள்நாட்டுக் கம்பெனிகள் செய்யும் மருந்தை அரசு மொத்தமாக வாங்கி, சர்க்கரையும் எடையும் சேர்ந்து வாட்டும் ஏழைக்கு, மருத்துவரின் மேற்பார்வையிலே தரவேண்டும்.

ஐந்து: 2021-லே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. அந்தக் கைப்பையிலே ஓர் அளவுநாடாவும் இருக்கட்டும். இடுப்பை அளந்து 30 வயதிலேயே எச்சரித்தால், 43 வயதிலே கத்தி தேவைப்படாது. தொழிற்சங்கத் தோழர்கள் கேண்டீன் உணவைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவரட்டும். போனஸுக்குப் போராடத் தெரிந்தவர்களுக்குப் பொரியலுக்குப் போராடத் தெரியாதா?

அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதம் வந்த வாரமே அவர் நிர்வாகத்திடம் போனார். "கண் சொக்குது. பஸ்ஸிலே நாற்பது உசிரு இருக்கு. என்னை ஷெட்டுக்கு மாத்துங்க" என்று தாமே கேட்டு, ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிவிட்டார். இப்போது டயர் கணக்கு எழுதுகிறார். சம்பளம் குறைந்தது, மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சங்கத்திலே கடன் கேட்டிருக்கிறார். கம்பெனி 40 என்ற எண்ணைப் பார்த்தது. அவர் நாற்பது பேரைப் பார்த்தார். இவரையா தன்னடக்கம் இல்லாதவர் என்பது? இவரைப் பார்த்தா நம் மேடை சிரிப்பது?

கடைசிக் கோரிக்கை அரசுக்கும் அல்ல, கம்பெனிக்கும் அல்ல, நமக்கு. நம் பேச்சாளர்கள் சுரண்டலைச் சாடட்டும், சுரண்டுபவனின் பெட்டியைச் சாடட்டும், பேராசையைச் சாடட்டும். தொந்தியை விட்டுவிடட்டும். அது இப்போது நம் வீட்டிலே இருக்கிறது; நம் தோழனின் நோயாக இருக்கிறது. அன்று பேசிய நண்பரிடம் இதைச் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணன் எந்த ஷெட்டிலே இருக்கிறார்? போய்ப் பார்க்க வேண்டும்" என்றார். அதுதான் இயக்கம்!

அடுத்த பொதுக்கூட்டம் வருகிறது. அண்ணனும் வருவார், அதே மூன்றாம் வரிசையிலே உட்காருவார். அந்தத் துண்டு தோளிலேயே கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தோழர்களே!